கடைசி அணியில் தெஸ்ஃபாய்

தார்ச்சாலையில் சைக்கிள் விழுந்த சத்தத்தில் டார்னெய்ட் புறநகரின் சாலையோர மரங்களிலிருந்த கொக்கட்டூக் கிளிகள் கூச்சலிட்டுக்கொண்டு பறந்தன. கீறல் விழுமென்று சைக்கிளைச் சுவரில்கூடச் சாய்க்காத தெஸ்ஃபாய், தானே அதைக் கீழே போட்டிருந்தார்.

சுபாங்கன் ஓடினான். இந்த ஆண்டு சைக்கிள் கிளப்புக்கு அவன்தான் செயலாளர். ஞாயிறு பந்தயத்தில் யார் எப்போது கிளம்புவது என்று முடிவு செய்பவனும் அவனே. மெதுவாக ஓட்டுபவர்கள் முன்னதாகப் போவார்கள். வேகக்காரர்கள் கடைசியில் கிளம்பித் துரத்த வேண்டும். அது கிளப்பின் பழைய வழக்கம். எரித்திரியாவிலிருந்து வந்த, அறுபது தாண்டிய தெஸ்ஃபாயை மரியாதைக்காக முதல் அணியில் போட்டிருந்தான்.

மரியாதையாவது! தெஸ்ஃபாய் அவனை ஓரமாக இழுத்துப்போய்க் கொட்டித் தீர்த்தார். எரித்திரியாவை இத்தாலி ஆண்டபோது அஸ்மாரா நகரில் இத்தாலியர்களுக்குத் தனிப் பந்தயம், அந்த மண்ணின் மக்களுக்குத் தனிப் பந்தயம். கறுப்பர்களுக்கு அவ்வளவு பலம் கிடையாது என்று ஆண்டவர்களுக்கு நினைப்பு. 1939இல் ஒருமுறை இரு தரப்பையும் சேர்த்து ஓடவிட்டார்கள். ஜெயித்தவர் எரித்திரியர்.

"அந்தப் பந்தயத்தைத் தாத்தா வாயால் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். எனக்குத் தனிச் சலுகை வேண்டாம். கடைசி அணியில் விடு, இல்லையென்றால் வீட்டுக்குப் போகிறேன்."

சுபாங்கன் இளகுவதைக் கண்டு, முதலுதவிக்கு வந்திருந்த நர்ஸ் தர்ஷனா அவனை முறைத்தாள். "அண்ணா, உங்களுக்கென்ன விசரே? மனுசன் நடுவழியில விழுந்தா ஆர் பதில் சொல்லுறது?"

சுபாங்கன் அணிப் பட்டியலைக் கையில் எடுத்தான். தெஸ்ஃபாய் விழுந்தால் அவன் பதவி அன்றோடு சரி. மறுத்தால் தெஸ்ஃபாய் இனி இந்தப் பக்கமே வரமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கடைசி அணிக்கு மாற்றினான்.

அந்த அணியில் எல்லாரும் கில்லாடிகள். மேற்கிலிருந்து காற்று முகத்தில் அறைந்தது. முதல் சுற்றில் தெஸ்ஃபாய் மற்றவர்களின் சக்கரத்தை ஒட்டியபடியே வந்தார். இரண்டாம் சுற்றில், யாரும் கேட்காமலே, தன் முறை வந்ததும் அணிக்கு முன்னால் போய் எல்லாருக்குமாக அந்தக் காற்றை நெஞ்சில் வாங்கினார். இளைஞர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டார்கள். கடைசிச் சுற்றில் கால்கள் கைவிட, தனியாகப் பின்தங்கினார்.

மற்ற அனைவரும் முடித்தும் ஒருவரும் கிளம்பவில்லை. தர்ஷனாகூட முதலுதவிப் பெட்டியை மறந்துவிட்டுச் சாலையோரம் நின்றாள். தெஸ்ஃபாய் இருக்கையை விட்டு எழுந்து, நின்றபடியே மிதித்து முடிவுக் கோட்டைத் தாண்டினார்.

தண்ணீர்ப் போத்தலை நீட்டிய சுபாங்கன், அன்றைய அஸ்மாராப் பந்தயத்தில் தாத்தா எத்தனையாவதாக வந்தார் என்று கேட்டான்.

தெஸ்ஃபாய் மூச்சு வாங்கச் சிரித்தார்.

"தாத்தாவை எங்கே ஓடவிட்டார்கள்? இத்தாலிய முதலாளியின் சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுத்துவிட்டு, தெருவோரம் நின்று பார்த்தார்."