மேகவல்லியின் நான்காம் பாகம்

நாற்பத்தோராம் பக்கத்தில் எனக்கு வாய் நின்றுவிட்டது.

"என்ன புள்ள, எச்சி முழுங்கவா நிறுத்தினே? வாசி," என்றாள் ராக்காயி சின்னம்மா.

எப்படி வாசிப்பது? அச்சில் இருந்தது இதுதான்: மேகவல்லி தன் கைக்குள் பிடித்து வைத்திருந்த காற்றை இளவரசன் சித்திரசேனனிடம் கொடுத்தாள். 'இனி எனக்குக் காற்று எதற்கு? தங்கள் நிழல் போதும்' என்று தலை குனிந்தாள். அவன் அந்தக் காற்றை ஏவி நாகக் கோட்டையின் கதவைத் திறந்தான். அவள் வெளியே பல்லக்கில் காத்திருந்தாள்.

பல்லக்கில்!

முதல் பாகத்தில், ஒன்பது வயதில், சூறைமலை உச்சிக்கு ஏறி ஓடுகிற காற்றை உள்ளங்கையில் மூடிப் பிடித்தவள் அவள். இரண்டாம் பாகத்தில் உப்புப் பாலைவனத்தை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கடந்தவள். மூன்றாம் பாகத்தில் இதே சித்திரசேனனைப் பாம்புக் கிணற்றிலிருந்து தலைமயிரைப் பிடித்து வெளியே தூக்கிப் போட்டவளும் அவள்தான். கோட்டைக் கதவுக்கு முன்னால் நின்று 'நான் வந்துவிட்டேன்' என்று அவள் சொன்னதோடு மூன்றாம் பாகம் முடிந்தது. அடுத்த பாகத்துக்கு இரண்டு வருடம் காத்திருந்தோம். அந்த இரண்டு வருடத்துக்குள் நான் வயசுக்கு வந்து, எட்டாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டு, தாயில்பட்டியில் சொர்ணலட்சுமி மதினி வீட்டை ஒட்டி இறக்கிய சாய்ப்பில் வெடிக்குழாய் சுருட்ட உட்கார்ந்துவிட்டேன். நான் போன இடம் இருக்கட்டும். அவள் போக வேண்டிய இடம் பல்லக்கா?

எங்கள் சாய்ப்பில் ஒரு வழக்கம் உண்டு. கம்பெனி வண்டி பழைய காகிதத்தை லோடாக இறக்கிவிட்டுப் போகும். அதை அளவாக நறுக்கி, கம்பியில் சுற்றி, ஓரத்தில் பசை தடவி உருவினால் ஒரு குழாய். பன்னிரண்டு டஜன் சேர்ந்தால் ஒரு குரோஸ். ஆனால் கதை வாசிக்கிறவள் கம்பியைத் தொட வேண்டாம். அவள் பங்கை மற்ற மூன்று பேரும் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுருட்டி அவள் கூடையில் போட்டுவிடுவார்கள். சரளமாக வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பள்ளிக்கூடம் போன காலத்திலேயே லீவு நாளில் வந்து முதல் மூன்று பாகத்தையும் வாசித்ததும் நான்தான். சொர்ணலட்சுமி மதினிக்குத் தன் பெயர் எழுத வரும், அவ்வளவுதான். வீட்டில் யாராவது வந்தால் நான் அடுக்களைக்குள் போய் நின்றுகொள்வேன். சாய்ப்பில் மட்டும், கையில் புத்தகம் இருந்தால், என் குரல் தெரு முக்கு வரைக்கும் கேட்கும். எனக்கு ஊரில் இருந்த ஒரே இடம் அது.

"வாசி புள்ள. பசை காயுது."

நான் பக்கத்தைப் புரட்டினேன். அச்செழுத்தைப் பார்த்துக்கொண்டே அங்கே இல்லாததை வாசித்தேன்: "மேகவல்லி சிரித்தாள். 'காற்று வேண்டுமா? நான் ஏறிய மலை அங்கேயேதான் இருக்கிறது. நீயும் ஏறிப் பிடித்துக்கொள்' என்றாள்."

மாடத்தி அத்தை பசைக் கையோடு தொடையில் ஓங்கி அடித்தாள். "அப்படிப் போடு!"

அப்புறம் நான் நிறுத்தவில்லை.

வீட்டுக்குப் போனதும் பயம் பிடித்தது. மாடத்தி அத்தைக்கு ஞாபகம் அதிகம். மேகவல்லியின் இடது கையில்தான் காற்று இருக்கிறது என்பதை முதல் பாகத்தில் ஒரு தடவை வாசித்ததற்கே இன்னும் சொல்லுவாள். நாளைக்கு நான் மாற்றிச் சொன்னால் பிடித்துவிடுவாள். ஆகவே பள்ளிக்கூடத்து நோட்டில் மிச்சமிருந்த தாள்களில் அன்று சொன்னதையெல்லாம் எழுதினேன். அதோடு மறுநாள் சொல்லப் போவதையும் எழுதினேன். அந்த நோட்டைப் பருத்தி விதை மூட்டைக்குப் பின்னால் வைத்தேன். அங்கே ஏற்கெனவே நாலு நோட்டு உண்டு. அவற்றில் இருப்பதை யாருக்கும் சொல்வதாக இல்லை.

மூன்று வாரம் ஓடியது. கோட்டைக்கு ஏழு கதவு வைத்தேன். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு கஷ்டம். ஆறாவது கதவு, உள்ளே போகிறவர் தனக்குப் பிரியமான ஒன்றை முட்டுக் கொடுத்தால்தான் மூடாமல் நிற்கும். மேகவல்லியிடம் ஒரு கண் தெரியாத குதிரை இருந்தது, அதுவும் நான் வைத்ததுதான். அது தானாகவே வந்து கதவுக்கு முதுகைக் கொடுத்தது. அவள் உள்ளே போனாள். கதவு குதிரையின் மேல் இறங்கியது.

மாடத்தி அத்தை வேலையைப் போட்டுவிட்டு அழுதாள். "எந்தப் பாவி எழுதினான் இதை? அவன் கையில கட்டி மொளைக்க!"

"ஆனா என்னமா எழுதியிருக்காரு!" என்றாள் ராக்காயி சின்னம்மா. "போன மூணு பாகமும் இதுக்கு ஒறை போடக் காணாது. பெரிய படிப்புப் படிச்சிருப்பாரு போல."

எனக்குக் காது சுட்டது. பாராட்டும் அவருக்கு, திட்டும் அவருக்கு! அந்தக் குதிரையைக் கொல்லுவதற்கு நான் எம்புட்டு யோசித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். பல்லக்கில் ஏற்றிவிட்டுப் போன மனுசனுக்குக் கட்டி முளைக்கிற பாக்கியம்கூட என் குதிரையால் கிடைத்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் புத்தகம் கையை விட்டுப் போகும், கம்பி கைக்கு வரும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதினியின் வீட்டுக்காரர் இராமகிருஷ்ணன் அண்ணன் சாய்ப்புக்கு வந்தார். சிவகாசியில் ஒரு பைண்டிங் பட்டறையில் வேலை. வாரம் முழுக்க வீட்டில் கதைப் பேச்சாகவே இருந்ததால் பெண்டாட்டிக்கு வாசித்துக் காட்டவென்று அந்த நான்காம் பாகத்தையே தனியாக ஒன்று வாங்கி வந்திருந்தார்.

"என்னமோ குதிரை, குதிரைன்னு அழுதீகளே. கடைசியில என்ன ஆச்சுன்னு நானே வாசிச்சுச் சொல்லுதேன், கேளுங்க," என்று நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் பிரித்தார்.

அவர் கலியாண ஓலை வாசிக்கிற மாதிரி வாசித்தார். மேகவல்லிக்கும் சித்திரசேனனுக்கும் திருமணம். அவள் அந்தப்புரத்தில் முல்லைப் பூ தொடுக்கிறாள். தோழிகள் கேலி செய்கிறார்கள். அவள் நாணுகிறாள். சுபம்.

சாய்ப்பில் ஒரு கம்பிகூட அசையவில்லை.

"குதிரை எங்க?" என்றாள் மாடத்தி அத்தை.

அண்ணன் முன்னும் பின்னும் புரட்டினார். "குதிரையா? ஒண்ணையும் காணமே."

"ஏழு கதவு?"

"ஒரு கதவுதான் இருக்கு. அதையும் அவன் தொறந்துட்டான்."

சொர்ணலட்சுமி மதினிதான் முதலில் கண்டுபிடித்தாள். பைண்டர் பெண்டாட்டி அல்லவா! "பாரம் மாறிப் போச்சு," என்றாள். "போன மாசம் நீங்க சொல்லலை? பஞ்சாங்கத்துக்குள்ள சமையல் புத்தகத்துப் பாரத்தைச் சேத்துத் தைச்சுட்டான்னு? அது மாதிரிதான் இதுவும். வேற ஏதோ கலியாணக் கதையை இதுக்குள்ள சேத்துத் தைச்சுட்டாங்க."

பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். எங்கள் பக்கத்தில் வெடி தெரிந்த அளவுக்கு இதுவும் தெரியும். வேறு ஊராக இருந்தால் என்னைப் பிடித்திருப்பார்கள். இங்கே பைண்டரைப் பிடித்தார்கள்.

அண்ணனுக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டது. தையலைத் தடவிப் பார்த்தார். "ஆமா, தையலே சரியில்லை. இது எங்க பட்டறை வேலை கெடையாது. நாளைக்கே கடைக்காரன் மூஞ்சியில விட்டெறியுதேன். வீரலட்சுமி, உன் புத்தகத்தைத் தா தாயி. சரியான புத்தகம் இப்படி இருக்கும் பாருடான்னு காட்டணும்."

"எழுதினவரு எம்புட்டுக் கஷ்டப்பட்டு அந்த ஏழு கதவை எழுதியிருப்பாரு," என்றாள் ராக்காயி சின்னம்மா. "அதை இப்படிக் கெடுத்துட்டானுகளே!"

புத்தகம் கிழிந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். கன்றுக்குட்டி தின்றுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் அதுதான் இருந்தது. ஆனால் 'எழுதினவர் கஷ்டப்பட்டு' என்ற பேச்சைக் கேட்டதும் எனக்கு என்னமோ ஆகிவிட்டது.

"அது நான் கட்டினது," என்றேன்.

"எது புள்ள?"

"கதவு. குதிரை. எல்லாம். அவரு எழுதினது இந்தக் கலியாணம்தான். என் புத்தகத்துலயும் இதுதான் இருக்கு."

ராக்காயி சின்னம்மா கம்பியைத் தரையில் வைத்தாள். "அப்ப மூணு வாரமா எங்களுக்குச் சொன்னது அம்புட்டும் பொய்யா?"

"அவரு எழுதினது மட்டும் நெசமா சின்னம்மா? மேகவல்லின்னு ஒருத்தி எந்த ஊருல இருக்கா? அவரும் உக்காந்து கட்டினதுதான?"

நான் அந்தச் சாய்ப்பில் புத்தகம் இல்லாமல் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

"அவரு அச்சுல போட்டிருக்காருல்ல," என்றாள் மதினி.

"வெடிப்பெட்டி மேலயும் கிளி அச்சடிச்சிருக்கு மதினி. உள்ள கிளியா இருக்கு?"

அண்ணன் சிரித்துவிட்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

மாடத்தி அத்தை மெதுவாகக் கேட்டாள். "அச்சுல குதிரை சாகலையா?"

"அச்சுல குதிரையே இல்ல அத்தை."

"அடிப் பாவி! ரெண்டு நாளு சோறு எறங்காமக் கெடந்தேனே. இல்லாத குதிரைக்கா?"

அன்றைக்கே என் கூடைக்குப் பக்கத்தில் கம்பி வந்துவிட்டது. பொய் சொன்னவளுக்கு யாரும் சுருட்டிப் போடுவதாக இல்லை. மறுநாள் நிசக் கதையை நிசமாக வாசிக்கச் சொன்னார்கள். நான் சுருட்டிக்கொண்டே வாசித்தேன், ஓர் எழுத்து விடாமல். பல்லக்கில் ஏறினாள் என்று வாசிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தேன். அந்த மனுசன் பாதிப் புத்தகத்தைப் பட்டுச் சேலைக்கும் பந்தி விசாரிப்புக்கும் செலவழித்திருந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் ராக்காயி சின்னம்மா கொட்டாவி விட்டாள்.

"ஆக்கினா, பூக் கட்டினா, மாமியா கால்ல விழுந்தா. இதைக் கேக்கவா ரெண்டு வருசம் இருந்தோம்? இது எங்க வீட்டுலயே நடக்குது."

நான் அடுத்த குழாயைக் கம்பியில் சுற்றினேன். சொல்லுவதற்கு நிறைய இருந்தது.

புத்தகம் முடிந்து ஒரு வாரம் சாய்ப்பில் பேச்சே இல்லை. தீபாவளி சீசன், ஆர்டர் குவிந்து கிடந்தது. காகிதம் சரசரக்கிற சத்தம் மட்டும்தான். எட்டாம் நாள் மாடத்தி அத்தை என் பக்கம் பார்க்காமலே கேட்டாள்.

"ஏ புள்ள. உன்னோடதுல அந்த ஏழாவது கதவுக்குள்ள என்னதான் இருந்துச்சு?"

"நோட்டுல எழுதி வச்சிருக்கேன்."

"நோட்டா? எந்த நோட்டு?"

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொல்லியாயிற்று. மறுநாள் மூட்டைக்குப் பின்னாலிருந்து அந்த ஒரு நோட்டை மட்டும் எடுத்து, மாராப்புக்குள் மறைத்துக் கொண்டு போனேன். வெறும் நோட்டை விரித்து அவர்கள் முன்னால் உட்கார எனக்குக் கூச்சமாக இருந்தது. சொர்ணலட்சுமி மதினி எட்டிப் பார்த்து, "கையெழுத்து நல்லாத்தான் இருக்கு," என்று மட்டும் சொன்னாள்.

"வாசிக்கிறதுக்கு முன்னால ஒண்ணு," என்றாள் மாடத்தி அத்தை. என் கூடையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். "உன் பங்கு முழுக்க நானே சுருட்டுதேன். சீசன் முடியுற மட்டும் நீ கம்பியைத் தொட வேண்டாம். அந்தக் குதிரையை மட்டும் எழுப்பிரு."

"எழுப்பவா?"

"கதவு அது மேல விழலைன்னு சொல்லு. ஒதுங்கிருச்சுன்னு சொல்லு. நீ கட்டினதுதான? மாத்திக் கட்டுறதுக்கு என்ன?"

எனக்கு உச்சி வரைக்கும் சூடேறியது. மாத்திக் கட்டுவதா? அது ஒதுங்கினால் ஆறாவது கதவு எதற்கு? மேகவல்லி உள்ளே போனது எதற்கு? அந்தக் குதிரை தெரிந்துதான் முதுகைக் கொடுத்தது. அதை இப்போது ஒதுங்கச் சொன்னால் அதுவும் ஒரு பல்லக்குதானே?

"முடியாது அத்தை. செத்தது செத்ததுதான்."

"என்ன திமிரு பாத்தியா இவளுக்கு!" என்று மாடத்தி அத்தை மதினியிடம் முறையிட்டாள். "அச்சுல போட்டவரே பரவால்ல போலிருக்கே! அப்ப உன் பங்கை நீயே சுருட்டு."

கூடை என் பக்கம் திரும்பி வந்தது. நான் கம்பியை எடுத்துக்கொண்டேன். நோட்டைத் தரையில் விரித்து, மூடாமல் இருக்கப் பசைக் கிண்ணத்தை அதன் ஓரத்தில் வைத்தேன். ஒரு வரி வாசித்தேன், ஒரு குழாய் சுருட்டினேன். அடுத்த வரி, அடுத்த குழாய். கதை நத்தையாக நகர்ந்தது. கதவுக்கு அடியில் குதிரை அசையாமல் கிடந்தது.

"சீக்கிரம் வாசியேன்டி," என்றாள் மாடத்தி அத்தை, மூக்கைச் சிந்திக்கொண்டே.