1933 இறுதியாட்டத்தின் கறை

பெட்டியைத் திறந்தேன். உடை முழுவதும் வெள்ளையாக இருந்தது.

"அம்மா, இதைத் தோய்ச்சனீங்களோ?"

"ஓம் பிள்ளை, விடியவே எழும்பி. முழங்காலடியிலை தேத்தண்ணிக் கறை. லேசிலை போகேல்லை, தெரியுமே?"

அம்மா பிறேமினி, லண்டன் குரோய்டனில் உடுப்புச் சலவைக் கடையில் இருபது வருடமாக வேலை செய்கிறார். மற்றவர்களால் எடுக்க ஏலாத கறைகள் அவரிடம்தான் வரும்.

அது தேநீர் அல்ல, புல். நான் வேலை செய்யும் கிளப்பின் புல்தரையில் 1933 டென்னிஸ் இறுதியாட்டம் நடந்தபோது, இதே உடையோடு கடைசிப் பந்தை விழுந்து எடுத்து வென்றவர் வினிஃப்ரெட். தொண்ணூறு வருடத்தில் புல்லின் பச்சை பழுப்பாகிவிடும். நாளைய கண்காட்சிக்கே அந்தக் கறைதான் முக்கியம். நேற்று அவருடைய மகளிடமிருந்து உடையை வாங்கி வந்தபோது கிளப் பூட்டியிருந்ததால் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அங்கே எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஊத்தையோடை குடுத்தா எங்களை என்ன நினைப்பினம் எண்டுதான்..."

பிறகு தலையை நிமிர்த்தி, "பின்னாலை கார்டினிலை புல்லுக் கிடக்குதானே. தேய்ச்சு விடட்டே?" என்றார்.

"பச்சையா இருக்கும், அம்மா."

"பிறகு தேத்தண்ணியிலை நனைச்சா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிளப்பில் வினிஃப்ரெட்டின் மகள் நாற்காலியில் காத்திருந்தார். செயலாளர் ஷெறோன் என் காதருகே வந்தார்.

"அவருக்குக் கண் தெரியாது. கண்ணாடிப் பெட்டியில் வைக்குமுன் ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டுமாம்."

சொல்லிவிட்டு, தொலைபேசி அடித்ததால் ஷெறோன் அலுவலகத்துக்குப் போனார். அவரும் இந்த உடையை இதுவரை பார்த்ததில்லை. காலத்தில் மங்கிவிட்டது என்று நான் சொன்னால் நம்புவார். இரசாயனம் படித்தவள் சொன்னால் யாரும் நம்புவார்கள்.

"சின்ன வயதில் அம்மா என்னை இதைத் தொடவே விட்டதில்லை. எந்த இடம், காட்டு" என்றார் முதியவர்.

அவருடைய விரலைப் பிடித்து முழங்கால் பக்கம் வைத்தேன். மெதுவாகத் தடவினார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"இங்கேயா?"

"அங்கேதான் இருந்தது. இப்போது இல்லை. இன்று காலை எங்கள் வீட்டில் கழுவப்பட்டுவிட்டது. கறை என்றுதான்... மன்னிக்க வேண்டும்."

விரல் நின்றது. சிரிப்பு மட்டும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

"யார் கழுவியது?"

"நான்."

அந்தப் பொய்க்கு நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஷெறோனைக் கூப்பிடு."

கூப்பிட்டேன்.