பால் இல்லாத லெபெல்

1

ஒரு பழைய துப்பாக்கியைப் பற்றி எழுதப் போய், பால் தம்ளரில் மாட்டிக்கொண்ட கதை இது. முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘புதுச்சேரிக் கடற்காற்றில் துருவேறிய அந்த’

சே, பொய். துருவே இல்லை. அந்தோணிமேரி அக்கா எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறார்.

2

முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படை தூக்கிய லெபெல் துப்பாக்கி. பின்னால் யாரோ குழாயைக் குட்டையாக அறுத்து, உள்ளே கடைந்து, ஊசுட்டேரியில் வாத்து சுடத் தோதாக்கியிருக்கிறார்கள். (மனிதனைச் சுட்டது வாத்துக்கு இறங்கியதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அடித்துவிட்டேன்.) இப்போது ஊசி கழற்றியாகிவிட்டது, சுடாது.

வைத்திருப்பவர் அக்காவின் அப்பா சவரிநாதன். பிரெஞ்சுப் பட்டாளத்தோடு அல்ஜீரியா போய்வந்த சொல்தா, அதாவது சிப்பாய். இப்போது நினைவு தடுமாறுகிறது.

3

நான் போனபோது அவர் சாப்பிட்டுச் சில நாளாகியிருந்தது.

“பால் இல்ல, பால் இல்லன்னு கத்துறாரு. குடுத்தா தட்டி உட்டுர்றாரு. இப்பிடியே போனா உயிர் தங்குமா, சொல்லுங்க?” அக்கா அழுதுவிட்டார்.

நான் துப்பாக்கியைக் காட்டச் சொன்னேன். (ஆமாம், அந்த நேரத்தில்தான். எழுதுகிறவன் புத்தி.)

அக்கா எடுத்து வந்ததும் பெரியவர் அதை வெடுக்கென்று பிடுங்கினார். பூட்டை இழுத்துத் திறந்து, உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

“பால் இல்ல.”

அடுக்களைக்குத் திரும்பிய அக்கா அப்படியே நின்றார்.

“ஐயோ மாதாவே! இது மாட்டுப் பால் இல்லீங்க. பிரெஞ்சு பால். குண்டு!”

(பிரெஞ்சில் தோட்டாவுக்குப் பெயர் ‘பால்’. ‘ப’வை ஆங்கில ‘B’ போல அழுத்திச் சொல்ல வேண்டும். பல் போன வாயில் எப்படி அழுத்துவது? தமிழில் எழுதினாலும் வித்தியாசம் தெரியாது.)

4

அக்கா அவர் காலடியில் உட்கார்ந்தார்.

“அப்பா, சண்ட முடிஞ்சிபோச்சுப்பா. எல்லாரும் ஊட்டுக்குப் போயிட்டாங்க. இனிமே பால் வேணாம்.”

“ஃபினி?” முடிந்ததா என்று பிரெஞ்சில் கேட்டார்.

“ஃபினிப்பா.”

துப்பாக்கியை அவரே மகளிடம் நீட்டினார். எனக்கும் கண் கலங்கியது.

5

முடிவு ஒன்று: அன்றிரவே பெரியவர்... மாட்டேன், அவரைச் சாகடிக்க மனசு வரவில்லை.

முடிவு இரண்டு: அக்கா துப்பாக்கியை நோணாங்குப்பத்துத் தண்ணீரில்... அடப் போங்க, சினிமா.

நடந்தது இதுதான். காலையில் அக்கா போன் செய்தார். “மறுபடியும் பால்னாரு. எந்தப் பாலுன்னு தெரியல. காய்ச்சி எடுத்துக்கினு போறேன், அப்புறம் கூப்பிடுறேன்.”

இன்னும் கூப்பிடவில்லை. பெரியவர் சொன்ன சொல்லை மேலே எழுதிவிட்டேன். எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். இனி வாய்விட்டுப் படிக்கப் போவது நீங்கள். தயவுசெய்து ‘ப’வை அழுத்தாதீர்கள். அவர் குடிக்கட்டும்.