வாரத்துக்கு எத்தனை தடவை

வெர்னா மாலை ஐந்தரைக்கு நூலக வேலை முடிந்து வந்ததும், பனிக்காலணியைக் கழற்றிவிட்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுவாள். கட்டிலடி, சோபாவின் பின்புறம், கம்பளத்தின் ஓரம். பதினான்கு வயதுப் பூனை டாட்ஸி எங்காவது வாந்தி எடுத்து வைத்திருக்கும். கணவன் ஆர்வில் ஹீட்டர் பழுது பார்க்கும் வேலையிலிருந்து திரும்புவதற்குள் துடைத்துவிடுவாள். பூனையென்றால் அப்படித்தான், முடி விழுங்கியிருக்கும் என்று பிராண்டன் ஊரில் அவளுக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

ஜனவரியில் தடவிக்கொடுத்தபோது முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. சனிக்கிழமை இருவருமாக கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள்.

"வாரத்துக்கு எத்தனை தடவை?" என்று கேட்டாள் டாக்டர் ஹில்டா.

"ரெண்டு," என்றாள் வெர்னா.

"மூணு," என்றான் ஆர்வில்.

"நீ எப்ப பார்த்த?"

"காலையில. நீ எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி."

"நான் சொல்றது சாயங்காலம்."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப அஞ்சு," என்று எழுதிக்கொண்டாள்.

ரத்தம் எடுக்க டாட்ஸியை உள்ளே கொண்டுபோனார்கள்.

"ஏன் சொல்லல?" என்றாள் வெர்னா.

"உங்கம்மா போனப்புறம், இனி இந்த வீட்ல ஒரு சீக்கையும் என்னால பார்க்க முடியாதுன்னு சொன்னியே. நீ ஏன் சொல்லல?"

"சொன்னா, கஷ்டப்படுத்தாம ஊசி போட்டு அனுப்பிடலாம்னு சொல்லுவியோன்னு."

"நானா? நாலு மாசமா மண்டி போட்டுத் துடைச்சிட்டு இருக்கேன்டி."

வெர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. களைப்பாக இருந்தது. நாலு மாதத்துக்கு முன்பே ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

குடல் தடித்திருப்பதாக ஸ்கேன் காட்டியது. அழற்சியாக இருக்கலாம், மெதுவாக வளரும் புற்றாகவும் இருக்கலாம். அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். இந்த வயதில் வேண்டாம் என்றார்கள் இருவரும். தினம் ஒரு மாத்திரை, குடலுக்கு ஒத்துக்கொள்ளும் முயல்கறித் தீவனம். "முழுசா சரியாகாது. குறையும்," என்றாள் டாக்டர்.

மாத்திரை கொடுப்பது பெரும்பாடு. ஆர்வில் துண்டில் சுற்றிப் பிடிக்க, வெர்னா வாய்க்குள் தள்ளுவாள். டாட்ஸி விழுங்கியதுபோல் பாவனை செய்துவிட்டு நாற்காலிக்கடியில் போய்த் துப்பும். மூன்றாம் தடவை உள்ளே போகும்போது மூவரும் ஓய்ந்திருப்பார்கள்.

மார்ச்சில் வாந்தி வாரத்துக்கு ஒன்றானது. எடை நூறு கிராம் கூடியது.

ஒரு காலை ஆர்வில் அவள் தோளைத் தொட்டான். "வெர்னா, டாட்ஸி வாந்தி எடுத்திருக்கா. வெறும் தீவனந்தான், பித்தம் இல்ல."

"சரி," என்று போர்வையை இழுத்துக்கொண்டாள். "துடைச்சிடு. காலண்டர்ல குறிச்சு வை."