கல்யாணத்துக்கு ஒரு துவா

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் வாசலுக்குப் போய் ‘வாங்க’ என்று சொல்ல வேண்டும். மேலப்பாளையத்தில் பேசத் தொடங்கிய பிள்ளைக்குக்கூட இது தெரியும். ஆனால் வானத்திலிருந்து ஒன்று வந்து இந்தியப் பெருங்கடலின் தெற்கே இறங்கி உட்கார்ந்தபோது, உலகத்தின் பெரிய பெரிய நாடுகளுக்கு இது தெரியாமல் போயிற்று. யார் முதலில் ‘வாங்க’ சொல்வது என்று அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் தகராறு. நம்மைக் கேட்காமல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று டெல்லியிலிருந்து அறிக்கை. வந்தது என்னவோ தண்ணீருக்குள் சும்மா கிடந்தது. அதைச் சுற்றிப் போர்க்கப்பல்கள்தான், சீர்வரிசையில் குறை கண்ட இரண்டு சம்பந்தி வீட்டார் மாதிரி ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன.

இதில் ஷம்ஸியாவுக்கு ஒரு சம்பந்தமும் இருந்திருக்க வேண்டியதில்லை. அவள் புருஷன் ரசீத் ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரர். அது இறங்கிய நேரத்தில் அந்தக் கப்பல் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. அதில் இருந்தவர்கள் செய்த குற்றம் அது ஒன்றுதான். கப்பலில் பறந்த கொடி ஒரு நாட்டுடையது, முதலாளி இன்னொரு நாட்டுக்காரர், மடக்கிப் பிடித்தது மூன்றாவது நாட்டின் கடற்படை. கண்ணால் பார்த்த சாட்சிகளை விட்டுக்கொடுக்க ஒருவருக்கும் மனமில்லை. பெயர் சொல்லாத ஏதோ ஒரு தீவில் கப்பலைக் கட்டிப்போட்டு, ஆட்களைக் கரையிறங்க விடாமல், பத்து மாதத்துக்கு மேலாக வைத்திருந்தார்கள்.

அதே கப்பலில் ரசீதுக்கு ஒத்தாசையாக இருந்தவன் சல்மான் ஃபாரிஸ். ரசீதின் அக்கா சபீதாவின் ஒரே மகன். ஷம்ஸியாவின் மகள் நிலோஃபருக்கு அவனைத்தான் பேசி முடித்திருந்தது. ஒரு நடை போய்விட்டு வந்ததும் நிக்காஹ் என்று மாமனும் மருமகனுமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினவர்கள்தான்.

முதல் இரண்டு மூன்று மாதம் ஷம்ஸியா அழுதாள். டிவிக்காரர்கள் வந்து, அழுததைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். தெருவில் எல்லோரும் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்து, கடைசியில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். “ரசீதண்ணன் அதக் கண்ணால பாத்தாவளாமே, எப்படி இருந்துச்சாம்?” அதற்குப் பிறகு அவளுக்கு அழுகை நின்றுவிட்டது. சம்மணம் போட்டு வெகுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அப்படி மரத்துப்போனது மனசு. சோறு பொங்கினாள், தொழுதாள், துணி துவைத்தாள். கிள்ளினால்கூட வலித்திருக்காது.

இந்த நிலையில்தான் பேச்சுவார்த்தையில் ஒரு சின்ன முன்னேற்றம் என்று செய்தியில் சொன்னார்கள். கப்பலில் இருப்பவர்கள் வீட்டோடு ஒரே ஒரு முறை, ஐந்து நிமிடம் பேசலாம். ஆனால் மனைவியோடு மட்டும். கல்யாணமாகாதவர்கள் பற்றி மூன்று நாடுகளும் கையெழுத்துப் போட்ட தாளில் ஒரு வரிகூட இல்லை. பெற்றவள் பேசக் கூடாதா என்று சபீதா கேட்டதற்கு, எல்லோரும் நலம், கவலைப்படாதீர்கள் என்று பதில் வந்தது. அன்றைக்கு முழுக்க சபீதா ஏசித் தீர்த்தாள்.

“அவன் போகதுக்கு முன்னாலயே நிக்காஹ முடிச்சிருக்கணும் சம்சு. இன்னைக்கு எம் மருமவ பேசியிருப்பால்லா?” என்றாள் கடைசியில். ஷம்ஸியாவும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

குறிப்பிட்ட நாளில் இருவரும் டவுன் பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்குப் போனார்கள். அரசாங்கக் கட்டடம் ஒன்றின் மாடியில் அறை. சபீதாவை வராந்தாவோடு நிறுத்திவிட்டார்கள். உள்ளே ஏசி குளிரில் டெல்லியிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் பிஸ்கட் தட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் பக்கத்தில் வெள்ளை வேட்டியும் முழுக்கைச் சட்டையுமாக ஒரு பெரியவர். அனந்தநாராயணன் என்று பெயர், கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். மொழிபெயர்க்க அழைத்து வந்திருந்தார்கள்.

“பயப்படாதேள்மா,” என்றார் அவர். “நீங்க எங்கிட்டத் தமிழ்ல சொன்னாப் போதும். நான் இங்கிலீஷ்ல சொல்லுவேன். அவரும் இங்கிலீஷ்லதான் பதில் சொல்லணும். லைன்ல வேற பாஷை வரப்படாதுங்கறா. ரெண்டு மூணு தேசத்துக்காரா கேட்டுண்டிருப்பா.”

“சலாம் சொல்லலாமா சார்?”

அவர் அதிகாரியைக் கேட்டார். அதிகாரி கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

என்ன பேசலாம் என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருந்தது. அந்தப் பொருளைப் பற்றியோ, கப்பலைப் பற்றியோ, கப்பலில் இருக்கும் மற்றவர்களைப் பற்றியோ வாயெடுத்தால் இணைப்பை வெட்டிவிடுவார்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கலாம். வீட்டு விஷயம் பேசலாம். மகள் கல்யாணத்தை எந்த மாதம் வைக்கலாம் என்று கேட்கப்போவதாக ஷம்ஸியா சொல்லியிருந்தாள். மாப்பிள்ளை யார் என்று அதிகாரி கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சல்மானைப் பற்றி அறிந்துகொள்ள அவளுக்கு வேறு வழி தோன்றவில்லை.

இணைப்புக்காகக் காத்திருக்கும்போது பெரியவர் பேச்சுக் கொடுத்தார். “மேலப்பாளையமா? எங்காம் ஆத்தங்கரையிலதான். காத்தடிச்சா உங்க பள்ளிவாசல் மைக் எங்காத்துக் கூடத்துக்கே வந்துடும். பாங்கு, அறிவிப்பு எல்லாம் எனக்கு மனப்பாடம்.” அவள் சிரிக்க முயன்றாள். முகம் ஒத்துழைக்கவில்லை.

ஒலிபெருக்கி கரகரத்தது. பிறகு அந்தக் குரல்.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

பத்து மாதமாக எதற்குக் காத்திருந்தாளோ அது. ஷம்ஸியா பதில் சலாம் சொன்னாள். உடம்பெல்லாம் உருகிவிடும் என்று நினைத்திருந்தாள், ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

உடம்புக்கு எப்படி என்று கேட்கச் சொன்னாள். பெரியவர் கேட்டார். ரசீத் தனக்குத் தெரிந்த கப்பல் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். நன்றாக இருக்கிறாராம், சாப்பாட்டுக்குக் குறையில்லையாம், இப்போதும் அவர்தான் சமைக்கிறாராம். வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டார். எல்லோரும் சுகம் என்றாள்.

“நிலோஃபர் கல்யாணத்த எப்ப வைக்கலாம்னு கேளுங்க சார். மாசம் சொல்லச் சொல்லுங்க.”

பெரியவர் அதை இங்கிலீஷில் சொல்லி முடித்தார்.

ரசீத் எதற்கெடுத்தாலும் இன்ஷா அல்லாஹ் சொல்லுகிற மனுஷன். வரும்போது மீன் வாங்கிட்டு வாங்க என்றால்கூட, அல்லாஹ் நாடினால் என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். அதைச் சொல்லி மகளும் மருமகனும் அவரைக் கேலி செய்வார்கள். அந்த ஒரு சொல்லுக்காக ஷம்ஸியா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

சொல் வரவில்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ரசீத், தொழுகையில் ஓதுகிற மாதிரி, பைய, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

“இன்னாலில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.”

நாம் இறைவனுக்கு உரியவர்கள், அவனிடமே திரும்பிப் போகிறவர்கள். மௌத்து, அதாவது சாவுச் செய்தி வந்தால் சொல்லுவது. கேட்டவர்களும் திருப்பிச் சொல்ல வேண்டும், யோசிக்காமலே நாக்கு சொல்லிவிடும். ஷம்ஸியாவின் நாக்கும் எழுந்தது. அதைப் பல்லுக்கிடையில் கடித்துப் பிடித்தாள்.

அதிகாரி கையை உயர்த்தினார். இணைப்பில் இருந்த ரசீதின் குரல் நின்றுபோனது. அதிகாரி பெரியவரிடம் வேகமாக ஏதோ கேட்டார்.

“கடைசியா ஏதோ சொன்னாரே, அது என்னன்னு கேக்கறார்மா.”

செத்தது எப்படி, நோயா, வானத்திலிருந்து வந்ததன் வேலையா, துப்பாக்கி பிடித்தவர்களின் வேலையா, அவளுக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். ஒரு சாவு வெளியே தெரிந்தால் அதை எந்த நாடு எந்த நாட்டின் தலையில் கட்டும் என்று டிவியில் தினமும் பேசினார்கள். அந்தச் சண்டையில் மீதி இருக்கும் உயிர்களும் கரை சேராது. அதில் ரசீதும் ஒருவர்.

“துவா சார்,” என்றாள் ஷம்ஸியா. “மக கல்யாணத்துக்கு துவா செய்யுதாவ.”

அவள் குரல் அவளுக்கே பயமாக இருந்தது, அவ்வளவு சாதாரணமாக வந்தது. பெரியவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். கண்ணை எடுக்காமல் பார்த்தார். ஆற்றங்கரை வீட்டுக் கூடத்தில் காற்றோடு வந்த எத்தனையோ மௌத்து அறிவிப்புகளில் அவர் இதைக் கேட்டிருக்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது.

அதிகாரி பக்கம் திரும்பி, கல்யாணப் பிரார்த்தனை என்று அவர் இங்கிலீஷில் இரண்டே சொல் சொன்னார். அதிகாரி புன்னகைத்து, ஷம்ஸியாவைப் பார்த்து வாழ்த்துவது போலத் தலையை அசைத்தார். இணைப்பு திரும்ப வந்தது. “சம்சியா,” என்று ரசீத் கூப்பிட்டார். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

பெரியவர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார். “குடிங்கோம்மா,” என்றார். பிறகு மிகத் தாழ்ந்த குரலில், அவளைப் பார்க்காமல், “எனக்குக் காது அவ்வளவா கேக்கறதில்லை. வயசாயிடுத்து,” என்றார். அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தாள்.

வராந்தாவில் சபீதா பெஞ்சை விட்டு எழுந்து ஓடி வந்தாள்.

“தம்பி என்ன சொன்னான் சம்சு? எம் புள்ளையப் பத்தி ஏதாவது சொன்னானா?”

“மத்தவங்களப் பத்திப் பேசப்பிடாதுல்லா மைனி.”

“கல்யாணத்துக்கு?”

“துவா செஞ்சாவ.”

சபீதாவின் முகம் மலர்ந்த விதத்தைப் பார்க்காமலிருக்க ஷம்ஸியா குனிந்து செருப்பைத் தேடினாள். “அல்ஹம்துலில்லாஹ்! அப்பம் பையன் நல்லாத்தான் இருக்கான். இல்லாட்டித் தம்பி இப்படிச் சொல்லுவானா?” என்று சபீதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பஸ் நிறுத்தத்துப் பெட்டிக்கடையில் கருப்பட்டி மிட்டாய் வாங்கி, ஒரு துண்டை ஒடித்து ஷம்ஸியாவின் வாயில் திணித்தாள். ஷம்ஸியா மென்றாள். இனிப்பும் தெரியவில்லை, கசப்பும் தெரியவில்லை.

பஸ்ஸில் சபீதா பேசிக்கொண்டே வந்தாள். மண்டபத்துக்குச் சொல்லி வைக்க வேண்டும். மாப்பிள்ளை மெலிந்து போயிருப்பான், சட்டை அளவை அவன் வந்த பிறகுதான் எடுக்க வேண்டும். வாய்க்கால் பாலத்தின் மேல் பஸ் போனபோது தண்ணீர் தெரிந்தது. மடியில் போனை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருக்கும் நிலோஃபரை ஷம்ஸியா நினைத்தாள். அவளிடமும் துவா என்றுதான் சொல்ல வேண்டும். சபீதாவிடம் இப்போதே சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு கணம் வாய் துடித்தது. சொன்னால் சபீதா தெருவில் விழுந்து கதறுவாள், சாயந்திரத்துக்குள் டிவிக்காரர்கள் வந்துவிடுவார்கள். தன் புருஷன் திரும்பி வருவதற்காக ஒரு தாயிடம் அவள் மகனின் மௌத்தை மறைக்கிறோம் என்று தெளிவாகவே தெரிந்தது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டாள்.

மேலப்பாளையத்தில் இறங்கித் தெருவுக்குள் திரும்பும்போது பள்ளிவாசல் ஒலிபெருக்கி திறந்தது. பின்தெரு முகம்மது சுல்தான் மௌத்தாகிவிட்டார்கள், ஜனாஸா அடக்கம் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு என்று அறிவித்தார்கள். தெருவில் போன எல்லோரும் நடையைத் தளர்த்தினார்கள். சைக்கிளில் போனவர் காலை ஊன்றி நின்றார். சபீதாவும் நின்று முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, வழக்கம்போல, வாய்க்குள் முணுமுணுத்தாள்.

“இன்னாலில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.”

ஷம்ஸியாவும் சொன்னாள். அந்த அறையில் பல்லுக்கிடையில் பிடித்து வைத்திருந்ததை இப்போது சத்தமாகச் சொன்னாள். பெற்றவள் வாயிலிருந்தும் அது வந்துவிட்டது, யாருக்காக என்று அவளுக்குத்தான் தெரியாது. ஷம்ஸியாவின் கன்னத்தில் தண்ணீர் ஓடியது. அது தன்னுடையதுதானா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

சைக்கிள்காரரிடம் விவரம் கேட்டுவிட்டுத் திரும்பிய சபீதா, “ஏம்ட்டி அழுவுத?” என்றாள். மிட்டாய்ப் பொட்டலத்தை இன்னொரு கைக்கு மாற்றி, அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். “நல்ல வயசாளி. கடைசி நேரத்துல புள்ளைய எல்லாம் சுத்தி உக்காந்திருந்துச்சாம், தாகத்துக்குத் தண்ணி குடுத்துச்சாம். குடுத்துவச்ச மௌத்து.”

“ஆமா மைனி,” என்றாள் ஷம்ஸியா.