கால் விரலில் சுண்ணாம்பு

விடிவதற்கு முன்பே வேகவதி ஆற்றங்கரைக்கு ஒதுங்கப் போய்விட்டு வந்துவிட வேண்டும். வெளிச்சம் வந்துவிட்டால் பெண்களுக்கு அங்கே இடம் கிடையாது. முள்ளில் பாவாடை மாட்டாமல் திரும்பி, குழாயடியில் கால் கழுவி, சபாபதி முதலாளியின் தறிக்கொட்டகைக்குள் நுழையும்போது கிழக்கு வெளுத்திருக்கும். நைனா அதற்குள் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு வலப்பக்கம் நான் உட்காருவேன். பொழுது சாயும்வரை எழுந்திருக்க முடியாது.

ஏன் முடியாது என்று சொல்கிறேன். அம்மா பக்கத்தில் தூங்குகிறாள். மெதுவாகத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர்ப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். நைனா உடலுக்கான நூல் வைத்த நாடாக்கட்டையை எறிவார். அது கரை ஓரம் வந்ததும், நான் என் பக்கத்திலிருந்து கரைக்கான நாடாவை விட்டு இரண்டு இழையையும் கோத்துவிட வேண்டும். நைனா இழுத்து அடிப்பார். தட், தட். ஒவ்வொரு இழைக்கும் இதேதான். நான் எழுந்தால் அவர் கை சும்மா நிற்கும். கொட்டகையில் எட்டுத் தறி, எட்டுத் தறிக்கும் என்னைப்போல ஒருத்தி. எங்களுக்கென்று தனிக்கூலி கிடையாது.

முன்பு கொட்டகைக்குப் பின்னால் காலி மனை இருந்தது. ஓலைத் தட்டி கட்டிக்கொண்டு மத்தியானம் ஒருமுறை போய் வருவோம். பொங்கலுக்குப் பிறகு முதலாளி அங்கே செங்கல் இறக்கி, பின்கதவைப் பூட்டிவிட்டார். ஆண்கள் தெருமுனைச் சாக்கடையோரம் ஒதுங்கிக்கொண்டார்கள். நாங்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினோம். குடிக்காவிட்டால் போக வேண்டியதில்லை என்று நினைத்தோம்.

சித்திரையில் எனக்கு நீர்க்கடுப்பு வந்தது. போக வேண்டும் போலவே இருக்கும். போனால் நாலு சொட்டு, அதுவும் மிளகாய் அரைத்த கையைக் கண்ணில் வைத்ததுபோல எரியும். அம்மா சூடு தணிய என் கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவினாள். இளநீர் கொடுத்தாள், பார்லி காய்ச்சினாள். பெரியாஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிப் போட்டதும் அடங்கியது. ஆனியில் மறுபடி வந்தது. ஆவணியில் மறுபடி.

"தண்ணி நிறைய குடிக்கணும். வந்தா அடக்கி வைக்கக் கூடாது," என்றார் டாக்டரம்மா.

"எங்கே போறதுங்க?" என்றேன்.

அவர் மாத்திரைச் சீட்டை என் கையில் கொடுத்தார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மாத்திரை கொடுக்கிறவர் வரிசைக்கே கேட்கும்படி கேட்டார். "கல்யாணம் ஆச்சா? ஆவலியா? அப்பறம் எப்பிடிம்மா இந்த நோவு?"

அம்மா முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது என் முழங்கையைக் கிள்ளினாள். "மாகறல்லேர்ந்து பொண்ணு பாக்க வராங்க. வெளிய தெரிஞ்சா இன்னா பேசுவாங்கன்னு தெரியுமில்ல? வாயத் தொறந்தே, தோலை உரிச்சிடுவேன்."

நான் ஒரு தப்பும் செய்யவில்லை. தினமும் எனக்கு நானே அப்படிச் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் எனக்கு மட்டும் ஏன் வர வேண்டும்? அதை நினைத்தால்தான் பயமாக இருந்தது.

நேற்று எங்கள் தறியில் முகூர்த்தப் புடவை. முதலாளி காலையிலிருந்தே பின்னால் நின்றுகொண்டிருந்தார். எனக்கு நாலாவது தடவையாக எரிய ஆரம்பித்திருந்தது.

"நைனா, நான் கொஞ்சம் போயிட்டு வரேன்."

நைனா என்னைப் பார்க்கவில்லை. "பொறுத்துக்கோம்மா. முதலாளி நின்னுக்கினு இருக்காரு."

அது முதலாளி காதில் விழுந்துவிட்டது. "எங்க போவணும் மகாராணிக்கு? ஆத்தங்கரைக்குப் போயி வர்றதுக்குள்ள அரை முழம் நெய்யலாம். நெனச்சா எழுந்து போறதுக்கு இது இன்னா டூரிங் கொட்டாயா? உக்காரு!"

உட்கார்ந்தேன். நாடா கை தவறிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தபோது பக்கத்துத் தறிக்குழி தெரிந்தது. அங்கே நெய்கிறவர் தர்மண்ணன், கரை கோக்கிறவள் அவர் மனைவி வடிவு. மிதிக்கட்டைக்குப் பக்கத்தில் அவளுடைய கால். பெருவிரல் நகத்தில் காய்ந்துபோன சுண்ணாம்பு.

சாப்பாட்டு நேரத்தில் குழாயடியில் எல்லாப் பெண்களின் காலையும் பார்த்தேன். பட்டம்மாளுக்கும் இருந்தது. அன்னம்மாள் பாவாடையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"அக்கா, உனக்குமா?" என்றேன்.

வடிவு என் காலைப் பார்த்தாள். "அடிப்பாவி! கல்யாணம் ஆனதால வர்ற நோவுன்னு நெனச்சிக்கினு, உன் அண்ணன்கிட்ட ஒரு மாசமா மூஞ்சி குடுத்துப் பேசலடி நான்!"

பட்டம்மாள் சிரித்துவிட்டாள். "பாவம்டி தர்மண்ணன்!" என்றாள் அன்னம்மாள். எரிகிற எரிச்சலிலும் எல்லோரும் சிரித்தோம். பிறகு வடிவு சிரிப்பை நிறுத்தினாள்.

"ஒருத்தி எழுந்தா ஒரு தறிதான் நிக்கும். எல்லாரும் எழுந்தா?"

இன்று காலை அவள் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து கொட்டகை நடுவில் வைத்தாள். எல்லோரும் குடித்தோம். வெயில் ஏறியதும் வடிவு நாடாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். அப்புறம் பட்டம்மாள், அன்னம்மாள், மற்றவர்கள். கடைசியாக நான். எட்டுத் தறியும் நின்றன. அந்தக் கொட்டகை அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை.

முதலாளி ஓடிவந்தார். "யாரு செத்துட்டாங்க? தறி ஏன் நிக்குது?"

"யாரும் சாவல முதலாளி. ஒண்ணுக்குப் போவணும். பின்கதவத் தொறங்க," என்றாள் வடிவு.

ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"இத்தினி ஆம்பளைங்க நடுவுல... வெக்கமாயில்ல?"

"வெக்கப்பட்டுத்தான் இத்தினி மாசம் எரிஞ்சிக்கினு கெடந்தோம்."

"தர்மா! உன் பொண்டாட்டிய உக்காரச் சொல்லு!"

தர்மண்ணன் தலையைச் சொறிந்தார். "நான் சொல்லி அவ என்னிக்கு உக்காந்தா முதலாளி? அவ கரை கோத்தாத்தான் எனக்கே வேலை."

யாரோ சிரித்தார்கள். முதலாளியின் முகம் கறுத்தது. நேராக நைனாவிடம் வந்தார். "தணிகாசலம், உன் பொண்ணுக்கு இன்னா நோவுன்னு ஆஸ்பத்திரி வரிசையில கேட்டவங்க எங்கிட்ட சொல்லிட்டாங்க. மாகறல்காரங்களுக்குச் சொல்லி அனுப்பட்டா?"

அம்மா கிள்ளிய இடம் ஞாபகம் வந்தது. எப்படிப் பேசினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

"நானே சொல்றேன் முதலாளி. நீர்க்கடுப்பு. நீங்க கதவப் பூட்டினதுக்கு அப்பறம் வந்துச்சி." பாவாடையைக் கணுக்கால்வரை தூக்கி, சுண்ணாம்பு விரலை அவருக்கு முன்னால் நீட்டினேன்.

வடிவு தன் காலை என் கால் பக்கத்தில் வைத்தாள். பட்டம்மாள் வைத்தாள். அன்னம்மாளும் இம்முறை மறைக்கவில்லை. தரையில் வெள்ளை வெள்ளையாய் நகங்கள். ஆண்கள் குனிந்த தலையோடு அதையே பார்த்தார்கள்.

நைனா குழியிலிருந்து எழுந்தார். கையிலிருந்த நாடாவைப் புடவைமேல் வைத்தார். "பூட்டத் தொறங்க முதலாளி."

"வேற ஆளுங்கள வச்சி நெய்யறேன் பாரு!"

"கரை கோக்கற பொண்ணுங்க எல்லாம் இந்தத் தெருவுலதான் இருக்காங்க," என்றார் தர்மண்ணன். "போயி கூப்பிட்டுப் பாருங்க."

முதலாளி சாவியை மடியில் செருகிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் எட்டுப் பேரும் பட்டப்பகலில், தெரு நடுவே, ஆற்றங்கரைக்கு நடந்தோம். ஒருத்தி உட்காரும்போது ஏழு பேர் முந்தானையையும் தாவணியையும் விரித்துச் சுற்றி நின்றோம். திரும்பி வந்து தறியோரம் உட்கார்ந்தோம். மாலைவரை ஒருத்தரும் நாடாவைத் தொடவில்லை. பூட்டு அப்படியேதான் தொங்குகிறது. இன்றைய கூலி போயிற்று. நாளைக்கும் போகும். மாகறல்காரர்கள் இனி வருவார்களா, தெரியாது. எனக்கு இன்னும் எரிகிறது, பயமாகவும் இருக்கிறது.

"நாளைக்கு ஆளுக்கொரு சொம்பு எடுத்துக்கினு வரணும், நல்லா குடிக்கணும்," என்று வடிவு எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள்.

அம்மா சாயங்காலத்திலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தூங்குகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது இருட்டில் அவள் கை நீண்டது. தலைமாட்டிலிருந்த சொம்பை என் பக்கம் நகர்த்தினாள்.

"பேசினது போதும், குடி," என்றாள். "காலையில நானும் கொட்டகைக்கு வரேன்."