திருமூர்த்தி பேரில் பேசியவன்

எல்லையில் சண்டை மூண்டதும் திருமூர்த்தியின் படைப்பிரிவில் எல்லோருடைய செல்போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவிநாசிபாளையத்தில் அவன் அம்மா சாமியாத்தாள் டிவி முன்னால் உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவே இல்லை. அந்த டிவிக்குப் பயந்தே மனைவி கவிப்பிரியா தினமும் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள்.

அந்த வாரம் கம்பெனியில் ஒரு கூட்டம் போட்டார்கள். ராணுவத்திலிருந்து பேசுகிறேன் என்று யார் கூப்பிட்டாலும் நம்பக்கூடாது, தெரிந்தவர் குரலைக்கூட இப்போது கம்ப்யூட்டரில் செய்துவிடுகிறார்கள் என்று பேச வந்தவர் எச்சரித்தார். மறுநாள் டீ நேரத்தில் கவிப்பிரியாவின் போன் அடித்தது. புது எண்.

"ஹலோ, ஃபௌஜ் சே போல் ரஹா ஹூம்," என்றது ஓர் இந்திக் குரல். கூட்டத்தில் சொன்ன அதே 'ராணுவத்திலிருந்து பேசுகிறேன்'தான்.

துண்டித்தாள். மறுபடி அடித்தது. பனியனில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த பீகார்க்காரன் பப்லுவிடம் நீட்டினாள். அவன் இந்தியில் மூச்சுவிடாமல் வைதுவிட்டு, "திருட்டுப் பய அக்கா," என்று திருப்பிக் கொடுத்தான். போன் கைக்கு வந்ததுமே மூன்றாவது முறை அடித்தது.

"கவி, நாந்தான் புள்ள. கேம்ப் போன்லருந்து பேசறேன், மொதல்ல பேசுனது ஆப்பரேட்டரு. வெச்சுராத."

அவன் குரலேதான். கவிப்பிரியா போனைக் கையால் பொத்திக்கொண்டு சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். சூப்பர்வைசர் ஆரோக்கியராஜ் திருநெல்வேலிக்காரர். போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னார். "கேள்வி கேளும்மா. நெசப் புருசன்னா பதில் சொல்லுவாம்லா."

"நமக்குக் கல்யாணம் எந்த மாசமுங்க?"

"வைகாசி... இல்ல, ஆவணி."

தையில்தான் கல்யாணம். அங்கிருந்த பெண்கள் உச்சுக்கொட்டினார்கள்.

"அது செல்லாது," என்றார் ஆரோக்கியராஜ். "எனக்கே எங்கல்யாண நாள் தெரியாது. வேற கேளு."

"நம்மூட்டு எருமை பேரு என்னங்க?"

"நம்மூட்டுல ஏது புள்ள எருமை?"

பங்குனியில் வாங்கியது. போனில் அவனிடம் சொல்லியுமிருந்தாள். அவன்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசி முயற்சியாக மாமியாரையும் அழைப்பில் சேர்த்தாள்.

"சின்னதுல நீ எங்க உழுந்து மண்டைய ஒடச்சுக்கிட்ட?" என்றாள் சாமியாத்தாள்.

"மாட்டுக்கொட்டாயிலம்மா."

"அது ஊருக்கே தெரியும்." சற்றுநேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நீ யாரு பெத்த புள்ளையோ கண்ணு, இந்தப் பொழப்பு வேண்டாஞ்சாமி. சோறு தின்னயா?"

"தின்னேம்மா," என்றது குரல். அதோடு இணைப்பு அறுந்தது.

ஆரோக்கியராஜ் உடனே சைபர் கிரைமில் புகார் பதியவைத்தார். கவிப்பிரியா பாத்ரூமுக்குள் போய் அழுதாள். ஏமாற்றுக்காரன் என்று முடிவான பிறகும் அந்தக் குரலைக் கேட்டது சுகமாக இருந்தது. அவளுக்கு அது வெட்கமாகவும் இருந்தது.

எண்ணைத் துரத்திக்கொண்டு போன புகார் கடைசியில் கேம்ப்புக்கே போய்ச் சேர்ந்தது. அதிகாரி திருமூர்த்தியைக் கூப்பிட்டு, யாரோ உன் பேரைச் சொல்லி உன் மனைவியிடம் பேசுகிறான், ஜாக்கிரதை என்றார்.

"அது நான்தான் சார்."

"அதற்கு என்ன ஆதாரம்?"

தூரத்தில் பீரங்கி முழங்கிக்கொண்டிருக்க, திருமூர்த்திதான் திருமூர்த்தி என்று இரண்டு சிப்பாய்கள் சாட்சி சொன்னார்கள்.

சண்டை நின்று ஆடியில் அவன் லீவில் வந்தபோதும் புகார் உயிரோடுதான் இருந்தது. முடித்துவைக்க இருவரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். ரைட்டர் காகிதத்தை நீட்டினார். "அம்மணி புகார்தாரருங்க, இங்க கையெழுத்து. நீங்க எதிரிங்க, இந்தப் பக்கம் போடுங்க."

"எதிரியா?"

"சட்டத்துல அப்படித்தானுங்க சொல்லோணும். தப்பா நெனைக்காதீங்க."

எதிரி கையெழுத்துப் போட்டான். வெளியே வந்து சாலையைக் கடக்கும்போது ஒரு துணி லாரியின் டயர் படாரென்று வெடித்தது. திருமூர்த்தி கவிப்பிரியாவை இழுத்துத் தள்ளி, அவள்மேல் கவிழ்ந்து தரையோடு படுத்துவிட்டான். டீக்கடையில் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"டயருங்க," என்றாள் காதருகில். "வெறும் டயருதானுங்க."

அவன் தலையாட்டினான், ஆனால் எழவில்லை. அவளும் எழச் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன.